முடிப்பெட்டி

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. சங்கிலி வாங்கினால் நகைக்கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. உள்ளே ஒட்டியிருந்த சிவப்பு வெல்வெட் உதிர்ந்து பாதிக்கு மேல் வெறும் அட்டைதான் தெரியும். அதற்குள் நகை இல்லை. எங்கள் குடும்பத்தில் செத்துப்போனவர்களின் தலைமுடி இருக்கிறது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சர்ச்சில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே எங்களை 'முடி சேர்க்கிற வீட்டுக்காரர்கள்' என்பார்கள். நாங்கள் திரும்பியதும் முடி என்ற இடத்தில் அந்த இன்னொரு சொல்லைப் போடுவார்கள். தமிழிலேயே அது மோசம். திருவனந்தபுரத்தில் நின்றுகொண்டு மலையாளத்தில் சொன்னால் அடிதடிதான். நான் வங்கியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை அங்கே ஒருவரிடம்கூட இந்தப் பெட்டியைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அம்மா சொல்லித்தான் தெரியும். நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் பங்களாவில் அம்மா வழியில் யாரோ ஒருத்தி ஆயா வேலை பார்த்திருக்கிறாள். விக்டோரியா ராணி ஆண்ட காலம். துரைசானியின் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. அந்த அம்மாள் வீட்டுக் கடிகாரத்தை நிறுத்தினாள், நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடினாள், குழந்தையின் முடியில் ஒரு கொத்தைக் கத்தரித்துக் கறுப்பு நூலில் கட்டிக் கண்ணாடி வைத்த ப்ரூச்சுக்குள் அடைத்து மார்பில் குத்திக்கொண்டாள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் துக்கம் காத்த விதம் அது. ராணியம்மாவே புருஷன் போன பிறகு சாகும் வரை கறுப்பைக் கழற்றவில்லையாம். எங்கள் ஆயா அதையெல்லாம் பார்த்தாள். தன் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது அவளும் அப்படியே செய்தாள். ப்ரூச்சுக்கு எங்கே போவாள்? பெட்டியில் வைத்தாள். இப்போது அந்த வெள்ளைக்காரர்களின் பேரன் பேத்திகளுக்கே இதெல்லாம் காட்சிசாலையில் பார்க்கிற சங்கதி. நாங்கள் விடவில்லை. பிடித்தால் பிடிதான்.

விதி உண்டு. சவப்பெட்டியை மூடுவதற்கு முன் வீட்டுப் பெண்களில் இறந்தவருக்கு நெருங்கியவள்தான் முடியைக் கத்தரிக்க வேண்டும். அடக்கம் முடிந்து திரும்பியதும் அதைப் பெட்டியில் வைத்து ஜெபம் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் கடிகாரம் ஓடலாம், கண்ணாடியைத் திறக்கலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய விதி, உயிரோடு இருக்கிறவர்களின் முடி அந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது. தங்கச்சி சின்னப் பிள்ளையில் ஒருநாள் விளையாட்டாகத் தன் சடை நுனியை வெட்டி உள்ளே வைத்துவிட்டாள். அம்மா அன்று அவளை அடித்த அடி! அடித்துவிட்டு அந்த முடியை அடுப்பில் போட்டாள். வீடு முழுக்கப் பொசுங்கல் நாற்றம். தங்கச்சி அழுதாள், அம்மாவும் அழுதாள்.

பெட்டியில் அப்பாவின் நரைமுடி இருக்கிறது. மாமாவுடையது இருக்கிறது. எனக்கு முன்னால் பிறந்து தொட்டிலிலேயே போன அண்ணனுடையது இருக்கிறது, பூனைமுடி அளவுக்கு. மற்றதெல்லாம் கறுப்பு நூலில் கட்டியிருக்கும். அண்ணனுடையதில் மட்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மெல்லிய இழை. பழைய நூல், நைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி தங்கச்சியைச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி வருகிறேன்.

திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் அப்பா கட்டிய வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அம்மா, நான், தங்கச்சி. என் கணவர் போன பிறகு நான் அங்கே திரும்பி வந்துவிட்டேன். தங்கச்சி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் எரிந்து விழுகிற ஜாதி, அவள் சிரிக்கிற ஜாதி. அவளுக்குத் தொடை வரை தொங்கும் முடி. ஐம்பதை நெருங்கிய பிறகும் காலையில் அம்மாதான் அதைப் பின்னிவிடுவாள். அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர் வந்து பார்வை வரவர மங்கிப்போனது. பேப்பர் படிப்பது நின்றது, தையல் நின்றது, சமையலறைக்குள் நான் விடுவதில்லை. சடை பின்னுவது மட்டும் நிற்கவில்லை. அதற்குக் கண் வேண்டாமே. தங்கச்சி கீழே உட்காருவாள், அம்மா கட்டிலில் உட்காருவாள். காச்சிய எண்ணெய் வாசம் ஹால் வரைக்கும் வரும். "ஏட்டி, தலைய ஆட்டாத" என்று அம்மா அதட்டுவது கேட்டால் மணி ஏழரை என்று எனக்குத் தெரியும்.

பிறகு தங்கச்சிக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன், முடி கொட்டும் என்று டாக்டர் சொன்னார். மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு ஜங்ஷனில் இருக்கிற பியூட்டி பார்லருக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நோயாளிகளுக்கு விக் செய்து கொடுக்கிறவர்களுக்கு அந்தப் பார்லர்காரி முடி சேர்த்து அனுப்புவாள்.

"கொட்டிக் குப்பைக்குப் போறதுக்கு முன்னால நானே குடுத்திருதேன்க்கா. எவளாவது ஒருத்தி தலைல இருந்துட்டுப் போகட்டும்."

"ஒனக்கென்ன கிறுக்கா? அம்மைட்ட என்னன்னு சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். திரும்ப வளரும்லா. வளந்த பொறவு சொல்லலாம்."

கத்தரி போகிற சத்தம் கேட்டது. பார்லர்காரி சடையை அப்படியே ரப்பர் பேண்டோடு எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு கொத்து எடுத்து வைக்கட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் என்ன அர்த்தம்? நீ சாகப் போகிறாய் என்று அர்த்தம். நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன், நீங்களே சொல்லுங்கள்.

அம்மாவிடம், தலையில் யாரும் கை வைக்கக் கூடாது, தொற்று வந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னோம். தங்கச்சி இரவும் பகலும் தலையில் துணி கட்டிக்கொண்டாள். அம்மாவின் மங்கிய கண்ணுக்கு அது போதும். ஆனால் காலை ஆனதும் அம்மா பழக்கத்தில் சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்காருவாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "சரி, டாக்டர் சொன்னா கேக்கணும்லா" என்று தனக்குத்தானே சொல்லிச் சீப்பை உள்ளே வைப்பாள். தங்கச்சி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள்.

மருந்தெல்லாம் ஏற்றி முடித்த பிறகு முடி வந்தது. ஆனால் பழைய முடி இல்லை. வெள்ளையாக, பஞ்சு மாதிரி, சுருள் சுருளாக. அவள் கண்ணாடி முன் நின்று, "அக்கா பாரு, ஆட்டுக்குட்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் நீளட்டும், அம்மாவுக்குக் காட்டலாம் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் நோய் ஈரலுக்குப் போய்விட்டது. இனி ஊசி வேண்டாம், வலிக்கு மாத்திரை மட்டும் போதும் என்றார்கள். மழைக்காலம் பிடித்த சமயம், ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

வீட்டுக்கு வந்து முதலில் கடிகாரத்தை நிறுத்தினேன். அப்பா போனபோது பெண்டுலத்தைக் கையால் பிடித்தாலே போதுமாக இருந்தது. இப்போது நாற்காலியில் ஏறி பாட்டரியை நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. அந்தச் சவத்துப் பாட்டரி வரமாட்டேன் என்றது. அங்கேயே நின்று கடிகாரத்தைத் திட்டினேன். தங்கச்சி இருந்திருந்தால் கீழே நின்று சிரித்திருப்பாள். அவளுடைய வெள்ளைப் பருத்திச் சேலையை எடுத்து நிலைக்கண்ணாடியில் போட்டேன்.

மறுநாள் ஹாலில் தங்கச்சியைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தலையில் வெள்ளை லேஸ். சுற்றி நின்று போட்டோ எடுக்கிற வழக்கம் இங்கே எல்லாக் கிறிஸ்தவர் வீட்டிலும் உண்டு. போட்டோக்காரன், "சேச்சி, கொறச்சுகூடி அடுத்து நில்க்கணே" என்றான். இன்னும் எவ்வளவு பக்கத்தில் நிற்பேன்? முறைத்தேன், அவன் அப்படியே எடுத்துவிட்டுப் போனான். போதகர் ஜெபத்தை முடித்தார். நான் கத்தரிக்கோலை அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அம்மா குனிந்தாள். நெற்றியைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். லேஸுக்குள் கையை விட்டாள். கை நின்றது. காதுக்குப் பின்னால் தேடினாள். பிடரிக்குக் கீழே விட்டுத் தேடினாள், பைக்குள் சாவியைத் தேடுகிற மாதிரி. அந்தப் பக்கம் போய்த் தேடினாள்.

"இது யாரு?" என்றாள்.

துக்கத்தில் பேசுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒருத்தி அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"இது எனக்க பிள்ளைக்க முடி இல்ல. இது யாருக்க பிள்ளை?"

கத்தரிக்கோலை என் கையில் திணித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நூறு பேர் நிற்கிறார்கள். அந்த இடத்தில், உன் மகள் ஒரு வருஷமாக உன்னை ஏமாற்றினாள், நானும் கூட நின்று ஏமாற்றினேன் என்று எப்படிச் சொல்வேன்? பாட்டு தொடங்கிவிட்டது, மூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் குனிந்து அந்த வெள்ளைச் சுருளில் கொஞ்சம் வெட்டிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். அம்மா பார்க்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் பெட்டியை எடுத்து வைத்தேன். அம்மா அதைத் தொடவில்லை. "முடி வரட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

கடிகாரம் ஓடவில்லை, கண்ணாடி திறக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் செல்போன் கேமராவைத் திருப்பி வைத்துத் தலை வாரினேன். அறுபது தாண்டிய எனக்கு அந்தக் கோலம் தேவையா? அதெல்லாம் போகட்டும். அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்பா போனபோது தெருவே கூடும்படி அழுதவள். இப்போது காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்காருகிறாள். சோற்றில் கையை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். உடம்பு நாளுக்கு நாள் ஒடுங்கியது. இவளும் போய்விடுவாள், அழாமலே போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"அவ போயிட்டாம்மா. எனக்க கையப் பிடிச்சிட்டுதான் போனா" என்றேன் ஒருநாள்.

"தெரியும் மக்ளே. தலைக்குத் தெரியுது. கைக்குத் தெரியல. என்ன செய்யச் சொல்லுத?"

நான் பார்லருக்கு ஓடினேன். ஒரு இழையாவது கிடைக்காதா என்ற நப்பாசை. பார்லர்காரி என்னை நாற்காலியில் உட்கார்த்தித் தண்ணீர் கொடுத்தாள். "அது அன்னைக்கே பார்சல் போயாச்சு சேச்சி. டீச்சர் தன்னெயாணு, சொந்தக் கையால, கவரில போட்டு ஒட்டித் தந்தது" என்றாள். எதிரே இருந்த கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வீட்டில் மூடி வைத்திருக்கும்போது வெளியே கண்ணாடி பார்ப்பது தப்போ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டேன். தங்கச்சியின் முடி இப்போது யாரோ ஒருத்தியின் தலையில் இருக்கும். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் சீப்பு சீப்பாகத் தேடினேன். தங்கச்சி தன் பழைய சீப்பையெல்லாம் முடி வெட்டிய அன்றே தூக்கிப் போட்டிருந்தாள், அம்மா கையில் இருந்ததும் புதுசுதான். தலையணை மாற்றியாகிவிட்டது. சின்னப் பிள்ளையில் அடுப்பில் போட்ட அந்தச் சடை நுனி நினைவுக்கு வந்தது.

தங்கச்சியோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி, வலியசாலை அக்ரகாரத்துப் பெண், எங்களுக்கு அடிக்கடி ரசமும் சாதமும் கொண்டுவருவாள். அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி உட்பட. 

"எங்காத்துல செத்தவாளுக்காக இருக்கறவா தலைய மழிச்சுக்கறா. உங்காத்துல இருக்கறவாளுக்காகச் செத்தவாகிட்டேர்ந்து எடுக்கறேள். எல்லாம் ஒரே பைத்தியந்தான்க்கா" என்று மூக்கைச் சிந்தினாள்.

சவுரிமுடி வாங்கி, தங்கச்சியுடையது என்று அம்மாவிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டது நான்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் மறுநாள் ஆட்டோவோடு வந்து நின்றாள். தன் மகள் கல்யாணத்துக்குச் சவுரி வாங்கிய கடை சாலைக் கடைத்தெருவில் இருக்கிறதாம். "பாவம்னா என்னையே சேரட்டும், ஏறுங்கோ" என்றாள்.

ஹேர்பின்னும் பிளாஸ்டிக் முல்லையும் தொங்குகிற சின்னக் கடை. கடைக்காரர் நூல் சவுரியைக் காட்டினார். அது வேண்டாம், நிஜ முடியாக வேண்டும், நீளமாக, கறுப்பாக என்றேன்.

"கல்யாணத்துக்கா அம்மா?"

"சாவுக்கு" என்றேன்.

மனிதர் அவசரமாக ஒரு நீளச் சவுரியை எடுத்தார். கோயிலில் காணிக்கை கொடுத்த முடி, அசல் என்று மட்டும் முணுமுணுத்துப் பொட்டலம் கட்டினார். சிநேகிதி என் முழங்கையைக் கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்து அதை அலசிக் காயவைத்தேன். தங்கச்சியின் காச்சிய எண்ணெய் பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தடவினேன். ஒரு கொத்து வெட்டிக் கறுப்பு நூலில் கட்டினேன். நன்றாகத்தான் இருந்தது.  அம்மாவின் மடியில் பெட்டியைத் திறந்து வைத்து, அதைக் கையில் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரில எடுத்து வச்சிருந்தாவளாம். இன்னைக்குத்தான் கெடச்சுது."

அம்மா முகர்ந்தாள். முகம் இளகியது. "எண்ணெ அவளுக்க எண்ணெதான்" என்றாள். பிறகு விரலால் உருவினாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். 

"ஏட்டி, அவ பாவாடை கெட்டுன காலத்துல இருந்து பின்னுன கை இது. என்னைய என்னன்னு நெனச்ச?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அம்மா மேல், தங்கச்சி மேல், அந்தத் துரைசானி மேல், கிழிந்த வெல்வெட் பெட்டி மேல்.

"பின்ன என்னதான் செய்யச் சொல்லுத?" என்று கத்தினேன். "அவளுக்கு முடியே இல்லம்மா! முழுமொட்டையா இருந்தா! துணிக்கு உள்ள ஒண்ணுமே கெடையாது. மருந்து ஏத்துறதுக்கு முன்னாலயே வெட்டி எவளுக்கோ தானம் குடுத்துட்டா. ஒனக்குத் தெரியப்பிடாதுன்னு டாக்டர் மேல பழியப் போட்டா. பொறவு மொளச்சது அந்த வெள்ளை முடிதான். நீ தொட்டது ஒனக்க பிள்ளையத்தான். யாருக்க பிள்ளைன்னு கேட்டியே, ஒனக்க பிள்ளைதாம்மா அது!"

அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சவுரியைக் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "இருக்கா?"

அலமாரியில் என் சேலைகளுக்கு அடியிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதைப் பிரித்து அந்தச் சுருளை உள்ளங்கையில் வைத்து ஒரு விரலால் தொட்டாள். அன்று தேடிய மாதிரி தேடவில்லை. மெதுவாகத் தொட்டாள்.

"ஞானஸ்நானத்துக்குக் கொண்டு போன அன்னைக்கு இப்பிடித்தான் இருந்துது" என்றாள். "இதே சுருட்டை. பொறவுதான் நேரா ஆச்சு." சுருளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஒரு வருசமா அவ தலைய நான் தொடலியே மக்ளே. மொட்டைன்னா என்ன? மொட்டைத் தலையத் தடவிக் குடுத்திருக்க மாட்டேனா? எனக்குத் தராமப் போயிட்டாளே."

அம்மா அழுதாள். அப்பாவுக்கு அழுத மாதிரி, தெருவுக்குக் கேட்கும்படி அழுதாள். தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். நானும் அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். நான் யாருடைய மடியிலும் தலை வைக்கிற ஆள் இல்லை.

அழுதுகொண்டே கறுப்பு நூலை எடுக்கச் சொன்னாள். கட்டப் பார்த்தாள். முடி ரொம்பக் குட்டை, நூல் பிடிக்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. நானும் கட்டிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. அம்மா நூலைத் தள்ளிவிட்டாள். முதுகைத் திருப்பித் தன் கொண்டையை அவிழ்த்தாள்.

"எனக்க தலைல இருந்து ஒண்ணு எடு. நீளமாப் பாத்து எடு."

"அம்மா, உயிரோட இருக்கவங்க முடி அதுக்குள்ள போகப்பிடாதுன்னு நீதான சொன்ன? அதுக்காக அவள அடிச்சியே."

அம்மா பெட்டிக்குள் கையை விட்டு, பார்க்காமலே, அண்ணனின் முடியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "இத என்னத்துல கெட்டியிருக்குன்னு நெனச்ச?"

ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். நைந்த நூல் இல்லை. ஒரு நீளமான கறுப்பு முடி, பல சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ உயிரோட இருக்கவ கணக்குல வரமாட்டா" என்றாள் அம்மா. "எடு."

எடுத்தேன். இழுத்தபோது அவள் தலை கொஞ்சம் அசைந்தது. அவ்வளவு நீளமான முடி இன்னும் அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுருளைச் சுற்றி விரலாலேயே கட்டி முடித்தாள்.  அண்ணனுக்குப் பக்கத்தில் தங்கச்சியை வைத்தாள். சவுரியை என் பக்கம் தள்ளி, "இத இந்த வீட்டுல வைக்காத. எந்தத் தாய் தேடுதாளோ" என்றாள்.

அண்ணனைக் கட்டிய முடி கறுப்பு. தங்கச்சியைக் கட்டிய முடி வெள்ளை. இரண்டும் ஒரே தலையில் இருந்தவை.

நான் கண்ணாடியிலிருந்து தங்கச்சியின் சேலையை எடுத்து மடித்து வைத்தேன். நாற்காலியில் ஏறிக் கடிகாரத்துக்குப் பாட்டரி போட்டேன். அம்மா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.